ஒரு தடவைக்கு ஒரு சீட்டு

என் தம்பி மனைவி கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவள்மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி அதனாலேயே வந்தது. சண்டைக்கு இழுத்தால் ஒரு மனுஷி சண்டைக்கு வரவேண்டும், அதுதான் மரியாதை. இவளோ தலையைக் கொஞ்சம் சாய்த்து, "அப்படியா அண்ணி?" என்பாள். மூன்றாவது மாடியில் ஏதோ சத்தம் வருகிறது என்று யாராவது சொன்னால் அவரிடமும் இதே குரலில்தான் கேட்பாள்.

அவள் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருட சர்வீஸ். சாம்பல் நிறச் சட்டை, இடுப்பில் டார்ச், கையில் கிரீஸ் ஏறிய துணிப்பை. ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால், "மெக்கானிக் எப்பம்மா வருவாரு?" என்று அவளிடமே கேட்பார்கள். ஆரம்பத்தில் "நான்தாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள். நேராக மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஏறிப்போவாள். வேலை முடிந்ததும் அதே லிஃப்ட்டில் இறங்கி வந்து, கேட்டவர் முன்னால் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவாள்.

என் தம்பியை அவள் கண்டுபிடித்ததும் லிஃப்ட்டுக்குள்ளிருந்துதான். அவன் கெமிஸ்ட்ரி வாத்தியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் சீட்டாட்டத்துக்கு வரும் வழியில் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். இவள் வந்து மேல் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, தரையில் உட்கார்ந்து, "பயப்படாதீங்க சார், பேசிக்கிட்டே இருங்க" என்றிருக்கிறாள். பேசச் சொன்னால் அவன் என்ன பேசுவான்? கையிலிருந்த சீட்டுகளைக் காட்டி ஆட்டத்தின் விதிகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டான். நாற்பது நிமிடம். லிஃப்ட் ஓடத் தொடங்கியதும் அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "நாலு பேர் ஆடினா, ரொம்ப முன்னாடி போறவன இழுத்துப் பிடிக்க இதுல ஒண்ணும் இல்லையா?" எட்டே மாதத்தில் கல்யாணம்.

விளையாட்டின் பெயர் ஏழு கோட்டை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இரண்டாவது தடவை சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. ஆளுக்கு அறுபது சீட்டு. ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து அவரவரே பொறுக்கிச் சேர்த்துக்கொள்வது, அதைக் கட்டு என்போம். ஆளுக்கு இருபது உயிர். விளக்குச் சீட்டுகளை மேசையில் வரிசையாக வைத்து, அவற்றின் வெளிச்சத்தைச் செலவழித்து மிருகங்களையும் மந்திரங்களையும் இறக்கவேண்டும். தாக்கப்போன மிருகத்தின் சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைக்கவேண்டும். நம் முறை மறுபடி வரும்வரை அது காவலுக்கு உதவாது. கடைசிவரை உயிரோடு இருப்பவர் வென்றவர். நாலு பேர் ஆடுவதால், யார் பலசாலி என்பதைவிட யாரைக் கண்டு யாருக்குப் பயம் என்பதுதான் ஆட்டத்தையே நடத்தும்.

என் கட்டு ஓநாய்க் கட்டு. மற்ற நாளில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களிடம் "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று சொல்வதுதான் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையிலும் காத்திருக்க என்னால் முடியாது. முதல் சுற்றிலேயே ஓநாயை இறக்கு, இரண்டாவதில் கடி, ஐந்தாவதில் யாரையாவது வெளியே அனுப்பு. தம்பியுடையது மந்திரக் கட்டு. மும்மந்திரம் என்று மூன்று சீட்டு, மூன்றும் சேர்ந்தால் மற்ற எல்லோரும் அந்த நொடியே காலி. அதுவரைக்கும் ஒரு காவல்நாய்கூட இல்லாமல் உட்கார்ந்திருப்பான். நாலாவது ஆள் கண்ணாடிக்காரர். அந்த மூன்றாவது மாடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், கடையின் பின்னறைதான் எங்கள் களம். அவர் கட்டில் மிருகமே கிடையாது. நாம் எந்தச் சீட்டை இறக்கினாலும் "முடியாது" என்று ஒரு சீட்டைப் போட்டுத் தடுப்பார். மிச்ச நேரத்தில், "இந்தச் சுற்று நீங்க என்னைத் தொடாதீங்க, நான் அவரைப் பாத்துக்கிறேன்" என்று பேரம் பேசிப் பேசியே உயிரைக் காப்பாற்றிக்கொள்வார்.

தம்பி மனைவி சேர்ந்தபோது நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கியிருந்த சீட்டுகளைக் கேட்டு வாங்கினாள். அவற்றிலிருந்துதான் தன் கட்டைச் சேர்த்தாள். அதன் நடுநாயகம் சமன்கல் என்ற சீட்டு. அதை இறக்கினால், மேசையில் யாருக்கு உயிர் மிகக் குறைவோ அந்த அளவுக்கு எல்லோருடைய உயிரும் இறங்கிவிடும். அது யாரையும் கொல்லாது, யாரையும் காப்பாற்றாது. ஆறு விளக்கைச் செலவழித்து இதைப் போடுவதற்குச் சும்மா இருந்துவிடலாம் என்பது ஊரறிந்த கருத்து.

"இதுல என்னத்தக் கண்ட?" என்று கேட்டேன்.

"லிஃப்ட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு எடை தொங்கும் அண்ணி. அது சரியா இருந்தா சின்ன மோட்டாரே போதும். மோட்டார் பெருசா வாங்குறவங்க அதை யோசிக்கிறதில்ல."

பெரிய மோட்டார் வாங்கியவள் நான்தான் என்று எனக்குப் புரிந்தது. சுருக்கென்றது.

அவள் தோற்றாள். தோற்றுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வாரமும் அறுபதில் ஒரே ஒரு சீட்டை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பாள், நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்வாள். நான் தோற்றால் இருபது சீட்டை வீசுகிறவள், எனக்கு அதைப் பார்க்கவே கை பரபரக்கும். காரணம் கேட்டால் ஒரு கதை சொன்னாள். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில், அவளோடு வேலை பார்த்தவர் அவசரத்தில் மூன்று பாகத்தை ஒன்றாக மாற்றினாராம். லிஃப்ட் ஓடியது. அடுத்த வாரம் நின்றது. எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் நாலு நாள் படியேறி இறங்கினார்களாம். "அன்னையிலேர்ந்து ஒரு தடவைக்கு ஒரு மாத்தம்தான் அண்ணி. இல்லன்னா எதுவுமே தெரியாம போயிடும்."

அவளுடைய கட்டால் ஆட்டம் இழுத்தது. ஒரு மணி நேரத்தில் முடியவேண்டியது மூன்று மணி நேரமானது. அவள் சமன்கல்லைப் போட்டு எல்லோரையும் நாலு, ஐந்து உயிருக்குக் கொண்டுவருவாள். அடுத்து என் ஓநாய்கள் ஒரே பாய்ச்சலில் மூன்று பேரையும் முடித்துவிடும். உலை வைப்பவள் அவள், பந்தியில் உட்காருபவள் நான். அப்படியும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. தொடர்ந்து பத்து வாரம் தோற்கும் கட்டைக் கலைத்துவிடவேண்டும், சீட்டுகளைப் பொதுப்பெட்டியில் போட்டுவிடவேண்டும், அந்த ஆளுக்கு மற்றவர்கள் ஒரு கட்டு சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று நான்தான் விதி கொண்டுவந்தேன். கண்ணாடிக்காரர் சுவரில் எழுதி ஒட்டினார். அப்போதே அவள் ஏழு தோற்றிருந்தாள்.

எட்டு, ஒன்பது, பத்து. பத்தாவது வாரம் கட்டைக் கலைத்தோம். அவள் ஒவ்வொரு சீட்டாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். கடைசியில் சமன்கல்லை வைத்துவிட்டு விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. ஆனாலும் பை நிறையக் கொண்டுபோயிருந்த என் உபரி ஓநாய்களை மேசையில் பரப்பினேன். என் கட்டின் நகலையே சேர்த்துக் கொடுத்தேன்.

"இதுலயாவது உருப்படு. வந்தமா, கடிச்சமான்னு இருக்கணும்."

"சரி அண்ணி."

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். எங்கள் பல் டாக்டருக்கும் இந்த ஆட்டத்தில் பைத்தியம். மேசையில் நாலு நாற்காலிக்குமேல் இடமில்லை. "ஒரு சீட் காலியானா சொல்லுங்க, உங்க சனிக்கிழமை லீவையெல்லாம் நான் தாராளமா பாத்துக்கிறேன்" என்று மூன்று மாதமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால்தான் அன்றைக்கு விதியில் இன்னொரு வரி சேர்த்தேன்: கொடுத்த கட்டும் பத்து வாரம் தோற்றால் நாற்காலியையும் விட்டு எழுந்துவிட வேண்டும்.

தம்பிக்கு முகம் சிவந்தது. "அக்கா, இது அநியாயம்."

"விளையாட்டுன்னா விதி இருக்கும்டா."

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பேரம் படியாத இடத்தில் அவர் செய்யும் வேலை அது. தம்பி மனைவிதான் முடித்துவைத்தாள். "இருக்கட்டுங்க. பத்து வாரம்தானே? நான் எழுந்திருக்க மாட்டேன் அண்ணி." அவள் குரல் உயரவில்லை. சொல்லிவிட்டு எழுந்துபோய், பொதுப்பெட்டியில் ஒரு ஓநாயைப் போட்டாள், சமன்கல்லை எடுத்துக்கொண்டாள். ஒன்று எடுத்தால் ஒன்று போடவேண்டும் என்பது அந்தப் பெட்டியின் வழக்கம், யாரும் தடுக்க முடியாது.

"ஓநாய்க் கட்டுக்குள்ள கல்லா? கடிக்கிறதுக்குப் பல்லு வேணும்மா, கல்லு எதுக்கு?" என்றேன். பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் சொன்னால் தப்பில்லை.

அடுத்த வாரம் இன்னொரு ஓநாய் போனது, அவளுடைய பழைய சீட்டு இன்னொன்று வந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஒவ்வொரு வாரமும் தோல்வி. நாலாவது வாரம் தம்பி அவளிடம் கெஞ்சியே பார்த்தான்: "அக்கா குடுத்த கட்டை அப்படியே ஆடு, ஒண்ணாவது ஜெயிச்சிடுவ." அவள் நோட்டை எடுத்துக் காட்டினாளாம். முதல் வாரம் முதலில் செத்தவள், இரண்டாம் வாரமும் முதலில் செத்தவள், மூன்றாம் வாரம் இரண்டாவதாக, நாலாம் வாரமும் இரண்டாவதாக. "நகருது பாருங்க" என்றாளாம். எங்கள் மூவருக்கும் அது தோல்வி, அவளுக்கு அது மட்டும் போதுமாக இருந்திருக்கிறது.

ஏழாவது வாரம் கையில் கட்டோடு வந்தாள், மருந்துக்கட்டு. இரண்டு கதவுக்கு நடுவில் விரல் மாட்டியிருந்தது. இடது கையால் சீட்டைப் பிடித்து ஆடினாள். அன்றைக்கு விடுமுறை எடுத்திருந்தால் அந்த வாரம் கணக்கில் வராது என்று கண்ணாடிக்காரர் சொன்னார். "வந்தாத்தானே சார் தெரியும்" என்று உட்கார்ந்தாள். அன்று கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாக நின்று என்னிடம் தோற்றாள். எட்டும் போனது, ஒன்பதும் போனது. டாக்டர் புதுக் கட்டே சேர்த்துவிட்டார், எனக்கு இரண்டு சனிக்கிழமை லீவு எழுதியும் கொடுத்துவிட்டார்.

பத்தாவது ஞாயிறு. அவள் கட்டில் பழைய சீட்டுகள் பத்து, மிச்சமெல்லாம் என் ஓநாய்களும் விளக்குகளும். ஆட்டம் ஆரம்பித்ததும் அவளைத் துரத்தினேன். எப்படியும் போகப்போகிறவள், சீக்கிரம் போகட்டும் என்ற எண்ணம்தான். அவள் முன்னால் ஓநாய்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆனால் ஒன்றைக்கூடத் தாக்க அனுப்பவில்லை. நான் கடித்தபோது தடுக்கவும் இல்லை. இருபது பதினாறானது, பதினொன்றானது, ஆறானது, மூன்றானது.

"ஆறு ஓநாயை உக்கார வெச்சுக்கிட்டு கடி வாங்கிட்டு நிக்கிறியே, உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். நான் கற்றுக்கொடுத்த கட்டை இப்படி ஆடினால் எனக்கு எப்படி இருக்கும்?

"காவலுக்கு வேணுமில்ல அண்ணி" என்றாள்.

என் முறை. எனக்குப் பதினேழு உயிர், கண்ணாடிக்காரருக்கு ஒன்பது, தம்பிக்குப் பன்னிரண்டு, அவளுக்கு மூன்று. மூன்று உயிர்க்காரி இனிமேலாவது தடுப்பாள், என் ஓநாய்கள் வீணாகச் சாகும். தம்பியோ மும்மந்திரத்தில் இரண்டை இறக்கிவிட்டான், மூன்றாவது வந்தால் எல்லோரும் காலி. நாலு பேர் ஆட்டம் ஆடுகிற யாரும் செய்வதையே நானும் செய்தேன். பயமுறுத்துகிறவனை அடித்தேன், பாவமாக இருக்கிறவளை விட்டேன். என்னிடமிருந்த எல்லா ஓநாய்களையும் திருப்பித் தம்பிமேல் ஏவினேன். பன்னிரண்டு நாலானது.

கண்ணாடிக்காரர் தன் முறையில் ஒன்றும் இறக்கவில்லை. கையில் ஒரு 'முடியாது' இருக்கிறது என்பதை அவர் உட்கார்ந்த விதமே சொன்னது. தம்பி ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அவள் முறை வந்தது. ஏழு விளக்கு இருந்தது. ஆறைச் செலவழித்துச் சமன்கல்லை நடுமேசையில் வைத்தாள்.

கண்ணாடிக்காரரால் அதைத் தடுத்திருக்க முடியும். அவர் என் பதினேழைப் பார்த்தார், தம்பியின் இரண்டு மந்திரங்களைப் பார்த்தார். இருக்கும் ஒரே 'முடியாது'வை மூன்றாவது மந்திரத்துக்கு வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இத்தனை மாதத்தில் அந்தக் கல்லால் யார் செத்தார்கள்?

"போடும்மா, தாராளமா போடு" என்றார்.

எல்லோருக்கும் மூன்று உயிர். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அடுத்த சுற்றில் என் ஓநாய்கள் எழுந்ததும் மூன்று பேரையும் முடிக்கலாம் என்று வழக்கம்போல மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் முறை இன்னும் முடியவில்லை என்பதைத் தம்பிதான் முதலில் கவனித்தான்.

"ரெண்டு உங்களுக்கு அண்ணி" என்று இரண்டு ஓநாய்களைத் திருப்பினாள். "ரெண்டு சாருக்கு." இன்னும் இரண்டு திரும்பின. தம்பியைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க, ரெண்டு உங்களுக்கு."

ஓர் ஓநாய் குறைந்தது இரண்டு உயிரைக் கடிக்கும், இரண்டு கடித்தால் நாலு. மூன்று உயிர் இருப்பவருக்கு அது தாராளம். என் காவல் முழுவதும் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. தம்பிக்குக் காவலே இல்லை. கண்ணாடிக்காரர் 'முடியாது'வை வேகமாகத் தூக்கினார். இறங்கும் சீட்டைத்தான் அது தடுக்கும், ஏற்கெனவே களத்தில் நிற்பதை ஒன்றும் செய்யாது. அது அவருக்கே தெரியும். மெதுவாகக் கீழே வைத்தார்.

முதலில் வெளியேறுகிறவர் டீ போடவேண்டும் என்பது எங்கள் மேசை வழக்கம். மூன்று பேரும் ஒரே நொடியில் செத்தால் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வோம். கண்ணாடிக்காரர் தண்ணீர் வைத்தார், தம்பி டம்ளர் கழுவினான், அவன் வாய் காதுவரை இருந்தது. நான் டீயை எடுத்துக்கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். அவள் நோட்டில் தேதியை எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். பத்து வாரமாக அவளுக்குப் பயமே இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

"ஓநாயையும் கல்லையும் சேர்த்தா ஜெயிக்கலாம்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது அண்ணி. பழைய கட்டுல மூணாவது வாரம் ஒரே ஒரு ஓநாயைப் போட்டுப் பாத்தேன். அது தனியா வந்துச்சு, தனியா செத்துச்சு. சரி, ஓநாய் ஆகாதுன்னு நோட்டுல எழுதிட்டேன்." டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணொண்ணா மாத்தினா எத்தனை வருஷமானாலும் இது கிடைச்சிருக்காது. நீங்க கலைச்சு, உங்க கட்டைக் குடுத்ததாலதான் இந்தப் பக்கத்துலேர்ந்து வர முடிஞ்சுது."

அவள் நன்றி சொல்கிறாள் என்று புரிந்ததும் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. நான் அவளுக்கு நல்லது நினைத்து ஓநாய் கொடுக்கவில்லை. சனிக்கிழமை லீவுக்காக அவளை எழுப்பிவிடப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன், டாக்டர் விஷயம் முழுவதையும் சொன்னேன். தம்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

"அப்படியா அண்ணி?" என்றாள். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். பிறகு, "அதான் அந்த ரெண்டாவது விதி அவ்வளவு அவசரமா வந்துச்சா" என்றாள். அன்று மாலை முழுக்க என்னோடு பேசவில்லை. கடைசியில் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. அது எனக்கு வேண்டித்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை நான் பையைக்கூட வைக்கவில்லை, டாக்டர் கையுறையோடு வரவேற்புக்கே வந்துவிட்டார்.

"என்னாச்சு? இந்த ஞாயிறு வரலாமா?"

"முடியாது டாக்டர். அவ ஜெயிச்சிட்டா."

"ஒரு தடவைதானே? இன்னும் பத்து வாரம் பாப்போம்."

"பத்து வருஷம் பாத்தாலும் அவ எழுந்திருக்க மாட்டா டாக்டர். அவ என் தம்பி பொண்டாட்டி. நீங்க வேற மேசை பாத்துக்கோங்க."

நோயாளிகள் மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனார். மதியத்துக்குள் என் இரண்டு சனிக்கிழமை லீவும் ரத்தானது.